ஹிருகாவா மறந்துவிட்டுப் போன பை

என் அம்மா உகாய் மிச்சியோ மன்னிக்கத் தெரியாதவள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அம்மா வேலை செய்யும் கஷினோகி சின்ன ரயில் நிலையம். இரண்டு நடைமேடை, ஒரு ரயில்வே கேட், ஒரு சைக்கிள் கொட்டகை. விரைவு ரயில்கள் நிற்காமல் போய்விடும். வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டித் தண்டவாளத்தைச் சுட்டி, "பாதை சரி" என்று உரக்கச் சொல்லி ரயிலை அனுப்புவதுதான் அம்மாவின் வேலை. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். வீட்டில் அடுப்பை அணைத்தாலும் அதே பழக்கம்தான், விரலை நீட்டி "அடுப்பு சரி" என்பாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதைப் பறித்தவர் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஹிருகாவா. ஒரு காலை, கதவு மூடிக்கொண்டிருந்த ரயிலில் ஓடி ஏறப் பார்த்தார். அம்மா கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தாள். ரயில் போய்விட்டது. தன்னைப் பார்த்து அம்மா இளித்தாள் என்று புகார் கொடுத்தார். அம்மா இளிக்கவில்லை. அவள் முகமே அப்படி. எனக்கும் அதே முகம்தான்.

புகார் வந்தால் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நிலைய அதிகாரி நிஷிவாக்கி ஓர் இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு அம்மாவை அழைத்துப் போனார். செருப்பு கழற்றும் இடத்திலேயே இருவரையும் நிறுத்தி வைத்தார் ஹிருகாவா. அம்மா குனிந்தாள். போதாது என்றார். இன்னும் குனிந்தாள். இவளை இனி நடைமேடையில் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, இனிப்பை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அம்மாவுக்குக் குப்பைத்தொட்டியும் சைக்கிள் கொட்டகையும்தான். ஹிருகாவா புகாரைத் திரும்பப் பெற்றால் அன்றைக்கே கையுறை திரும்பக் கிடைக்கும் என்றார் நிஷிவாக்கி. நான் போய்க் கெஞ்சட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தாளு வாசப்படியை மிதிச்சே, காலை ஒடிச்சிருவேன்."

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, நிலைய வாசல் குப்பைத்தொட்டிக்கு அருகே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா ஹிருகாவாவைப் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் இருந்த அவளை அவர் கவனிக்கவில்லை. கோட்டுக்குள்ளிருந்து ஒரு பையை எடுத்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், தொட்டிக்குள் திணித்தார், ரயில் ஏறிவிட்டார். வீட்டுக் குப்பையை இங்கே போடாதீர்கள் என்ற பலகை அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது.

வேறு யாராவது செய்திருந்தால் அம்மா முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பாள். ஆனால் குப்பை வண்டி வரும் நாளில் எங்கள் தெருவில் ஒவ்வொரு பையையும் அவிழ்த்துச் சோதிப்பவர் ஹிருகாவா. சமையல் கழிவுக்கு ஒரு கிழமை, டப்பா, புட்டிக்கு வேறு கிழமை என்று கணக்கு. கிழமை மாறி ஒரு புட்டி மூடி கலந்திருந்தாலும், அந்தப் பையை அவரவர் வீட்டுக் கதவிலேயே எல்லோரும் பார்க்க மாட்டிவிட்டுப் போவார்.

அம்மா பையை வெளியே எடுத்துத் துடைத்தாள். 'தவறவிட்ட பொருள்' என்ற சீட்டைக் கட்டி, குடைகளுக்கு நடுவே அலமாரியில் வைத்தாள்.

சாயங்காலம் வேலை தேடிவிட்டு நான் திரும்பிய ரயிலில்தான் ஹிருகாவாவும் வந்தார். வெளியேறும் வாசலில் அம்மா பையை இரண்டு கைகளிலும் ஏந்தி நின்றிருந்தாள். மரியாதைக்குச் சொல்லும் 'சான்' சேர்த்தே கூப்பிட்டாள்.

"ஹிருகாவா சான், காலையில இதை மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்க."

"என்னுது இல்லம்மா."

"நீங்க வச்சதை நான் பார்த்தேனே. வீட்டுக் குப்பையை இங்க போடக் கூடாதுன்னு சங்கத் தலைவருக்குத் தெரியாதா? அதான், மறதியா இருக்கும்னு எடுத்து வச்சேன்."

எங்கள் தெரு ஆட்கள் நாலைந்து பேர் நடையைத் தளர்த்தினார்கள். ஹிருகாவா அம்மாவை நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"நாளைக்கே புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். சத்தமில்லாம உள்ள கொண்டு போயிரு."

சன்னல் வழியாக நிஷிவாக்கி பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டினால் போதும், விடிந்தால் நடைமேடை. தலையாட்டும்மா என்று மனசுக்குள் கத்தினேன்.

அம்மா இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்தாள். ரயிலை அனுப்பும் அதே குரலில் சொன்னாள்:

"மன்னிக்கணும். உள்ள என்ன இருக்குன்னு உரியவர் சொன்னாத்தான் பொருளைக் குடுக்க முடியும். அதுதான் விதி."

"மீன் தலை" என்றார் அவர்.

"கேக்கலை."

"மீன் தலை. பீர் டப்பா."

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "ரெண்டும் வேற வேற கிழமையாச்சே தலைவரே, ஒரே பையிலயா?"

சிரிப்பு பரவியது. எல்லாம் பொருந்துகிறது என்று அம்மா பையை நீட்டினாள். அது சொட்டச் சொட்ட, கடைத்தெரு முழுக்க அவர் நடந்து போனார்.

புகார் அப்படியே இருக்கிறது. அம்மாவும் சைக்கிள் கொட்டகையில்தான் இருக்கிறாள். அன்று வீட்டில் நான் சண்டை போட்டேன்.

"தலையாட்டியிருந்தா நாளைக்குக் கையுறை வந்திருக்கும்."

"வந்திருக்கும். அந்தாளு போட்ட பிச்சையா வந்திருக்கும்" என்றாள் அம்மா.

ஹிருகாவா இப்போது அடுத்த நிலையம் வரை நடந்து போய் ரயில் ஏறுகிறார். பலத்த மழை பெய்கிற காலைகளில், அந்தச் சாலை தெரிகிற மாதிரி அம்மா கொட்டகை ஓரத்தில் வந்து நிற்பாள். அவர் கடந்து போகும்வரை உள்ளே போக மாட்டாள்.