மைனஸ் காட்டிய கடல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பினாங்கில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் எனக்குப் புரோகிராம் எழுதும் வேலை. அங்கே எனக்கு மேலே இருந்த ஆய்வாளரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

பாலிக் புலாவ் பக்கம் கடலில் கூண்டுகள் போட்டு மீன் வளர்த்த மலாய்க்காரர் ஒருவர், விடிந்தால் மீன்கள் செத்து மிதக்கின்றன என்று வந்து சொன்னார். நீர் வழக்கமாகத் தாங்கும் ஆக்சிஜனில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று அளக்கும் கருவியை அக்கா அவருடைய கூண்டருகே இறக்கிவைத்தார். பேட்டரி தீராமலிருக்க அது பகலில் மட்டுமே அளந்து, ரேடியோ வழியே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்.

முதல் நாள் அளவுகளைத் திரையில் பார்த்தால், நண்பகலுக்குப் பிறகு எல்லாம் மைனஸ்.

"கருவி கெட்டுப்போச்சு லா. நாளைக்குப் போய்த் தூக்கிட்டு வந்துரலாம்" என்றார் அக்கா.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காப்பியை வாங்கிவைத்துவிட்டுக் குடிக்க மறந்தேன். காலையிலிருந்து எண்கள் படிப்படியாக ஏறியிருந்தன. மைனஸில் விழுந்த பிறகும் அதே சீரில் நகர்ந்தன. கெட்ட கருவி இவ்வளவு ஒழுங்காகவா கெடும்?

இடம் மிச்சமாக ஒவ்வோர் அளவையும் ஒரே பைட்டில் வைத்திருந்தோம். எங்கள் கோப்பு முறையில் ஒரு பைட்டில் வைக்க இரண்டே வகை. 'பைட்' என்றால் அது எண். 127ஐத் தாண்டினால் 256 குறைந்து மைனஸுக்குப் புரண்டுவிடும். 'கேரக்டர்' என்றால் எழுத்து. அதற்கு மைனஸே கிடையாது. கேரக்டராக மாற்றிப் பார்த்தேன். திரை முழுக்கக் கிறுக்கல்கள். சராசரி கேட்டால், எழுத்தைக் கூட்ட முடியாது என்று புரோகிராம் மறுத்தது. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு தாளை எடுத்து மைனஸ் எண்களோடு 256ஐக் கூட்டினேன். 131, 140, 152.

"அக்கா, தண்ணியில நூத்தம்பது பர்சென்ட் ஆக்சிஜன் இருக்குமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாசி மண்டிப்போனா இருக்கும் தம்பி. வெயில்ல அது ஆக்சிஜனைக் கக்கும். ராத்திரியில அதுவே எல்லாத்தையும் உறிஞ்சிரும்..." சட்டென்று எழுந்தார். "ஐயோ, அதான் விடியக்காலையில சாகுது! வா, கேரெத்தாவுல ஏறு!"

மலைப்பாதை வளைவுகளில் கார் ஹார்னிலிருந்து அவர் கையை எடுக்கவே இல்லை. போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கூண்டைச் சுற்றிக் கடல் தேத்தண்ணீர் நிறத்தில் கிடந்தது. பாசி ராத்திரியில் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், இருட்டுவதற்குள் காற்றுப் பம்பை ஓடவிடுங்கள், இன்றைக்குத் தீனி போடாதீர்கள், பெரிய மீன்களை இப்போதே விற்றுவிடுங்கள் என்று அக்கா மலாயில் படபடவென்று சொன்னார். அந்த மனிதர் எங்களைப் பார்க்கவில்லை. கூண்டைப் பார்த்தபடி, "அப்படியானால் போன வாரம் செத்ததும் இதனால்தானா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றார் அக்கா.

மறுநாள் காலை ஃபோன் வந்தது. ஒரு கூண்டில் மீன்கள் செத்துவிட்டன, மற்றவற்றில் உயிரோடிருக்கின்றன.

அன்றே எல்லா அளவுகளையும் இரண்டு பைட் எண்களாக மாற்றினேன். பழைய கோப்புகளையும் திறந்தேன். எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர், மைனஸ் வந்த இடங்களையெல்லாம் 'கருவிக் கோளாறு' என்று அழித்து வைத்திருந்தார். அவற்றில் எத்தனை உண்மையான கோளாறு, எத்தனை கடல் சொன்ன சேதி? இனித் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனாலும் அந்த வெற்றிடங்களை நான் பல வாரம் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.