ஆப்பிரிக்கா போகிற பூரிப்பு

போன வருடம் வைகாசி மாத வெயிலில் ஒரு நாள், நானும் என் வீட்டுக்காரரும் ராமநாதபுரத்தில் இருந்து தூத்துக்குடிக்கு பஸ் ஏறினோம். ஒரு ஊசி போட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் உச்சிப்புளியில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பதுதான் திட்டம். அன்றைக்கு ஊசியும் போடவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை.

என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஓட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர். ரோட்டில் படுத்திருக்கும் மாட்டுக்கும் குறுக்கே பாயும் ஆட்டுக்கும் பிரேக் போட்டுப் போட்டே நரைத்துப் போனார். எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி கென்யாவில் இருக்கிறாள். மருமகனுக்கு நைரோபியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. அப்பாவுக்கு அறுபது முடிந்ததும் மகள் போன் செய்தாள்.

"அய்யா, வர்ற ஆடியில ரெண்டு பேரும் கிளம்பி வாங்க. இங்கன சிங்கம், யானையெல்லாம் நம்மூரு ஆடு மாடு கணக்கா திரியும். ஜீப்புல கூட்டிப் போய்க் காட்டுறோம்."

இவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டிய யாரு ஓட்டுவா?"

"அங்க உள்ள டிரைவர்தான்யா."

"அப்பச் சரி. ஒரு வாட்டியாவது பின்னால உக்காந்து வேடிக்கை பார்த்துட்டு வாரேன்."

அன்றைக்குப் பிடித்தது வீட்டில் ஆப்பிரிக்கா. எந்த மாதம் எந்த விலங்கு எந்த ஆற்றைக் கடக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆடி ஆவணியில்தான் அந்தக் கொம்பு வைத்த மாட்டுக் கூட்டம் ஆற்றைத் தாண்டுமாம், முதலை காத்துக் கிடக்குமாம். பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொண்டு பாம்பனுக்குப் போய், பாலத்தில் வருகிற பஸ் எந்த டெப்போ வண்டி என்று படித்துப் பார்த்து அதைச் சோதித்துவிட்டு வந்தார். கருநீலச் சேலை எடுத்து வைத்தேன். அந்த நிறத்துக்கு அங்கே ஒரு வகை ஈ கடிக்க வரும் என்று திருப்பி பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டார். பிளாஸ்டிக் கவர் கொண்டு போகக் கூடாதாம், அதனால் எல்லாவற்றுக்கும் மஞ்சப்பை. மகளுக்காக நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்திருந்தேன். "அத மோந்துக்கிட்டு கழுதைப்புலி கூடாரத்துக்கே வந்துரும், உனக்கு அதுக்கும் சேர்த்து வறுக்க முடியுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இதற்கிடையில் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். அவர்கள் பேசி வைத்திருக்கிற ஜீப் அது. நல்ல உயரம். ஒரு வெள்ளைக்காரப் பையன் ஒரு காலைத் தூக்கி வைத்துத் துள்ளி ஏறினான். அதைப் பார்த்ததும் இவர் முகம் கொஞ்சம் மாறியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் மீன் ஏற்றுகிற சின்ன லோடு வண்டி ஒன்று நிற்கும், எங்கள் பக்கம் அதைக் குட்டியானை என்போம். அதன் பின்பக்கத்தில் ஒரு காலைத் தூக்கி வைத்து இவர் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற முடியவில்லை. இடது முட்டி. அத்தனை வருடம் கிளட்ச் மிதித்த கால் அது, எப்பவோ தேய்ந்துவிட்டது. ஒரு கால் மேலேயும் ஒரு கால் தரையிலுமாக, ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நின்றார். நான் ஓடிப் போய்ப் பிடித்து இறக்கினேன்.

"நம்ம பாப்பாகிட்ட போன்ல சொல்லுவோங்க. என்ன வழின்னு அது கேட்டுச் சொல்லும்" என்றேன்.

"நீ வாயத் திறந்தே, நான் எங்கயும் வரல. நீ மட்டும் போயிட்டு வா."

என் வாயைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாத ஓட்டை வாய். "உன் வாயிதான்டி நமக்கு எதிரி" என்று இவர் சொல்லாத நாள் இல்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும், மனுஷன் ஆசையாகப் போகிற பயணம் கெட்டுவிடக் கூடாதே என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், அதே குட்டியானையில் மளமளவென்று ஏறி இறங்குகிறார். எனக்கு ஆச்சரியம். கேட்டதற்கு, "காலையில நடக்குறேன்ல, அதான்" என்றார். சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு மனிதருக்கு வந்த சுறுசுறுப்பு இருக்கிறதே, சொல்லி முடியாது. கோழி கூவுவதற்கு முன்பே எழுந்து போனில் சிங்கம் பார்ப்பார். நாலு இட்லி சாப்பிடுகிறவர் எட்டு கேட்டார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் "வேற என்ன இருக்கு?" என்பார். ஒட்டிப் போயிருந்த கன்னம் உப்பி, முகம் பௌர்ணமி நிலா கணக்காக ஆகிவிட்டது. தெருவில் எல்லோரும் ஒரே பேச்சு.

"என்னக்கா, அண்ணனுக்கு வயசு இறங்கிக்கிட்டே போகுது? எல்லாம் ஆப்பிரிக்கா போற பூரிப்புதான்."

எனக்கும் பெருமை. பெருமையோடு பயமும் வந்து, ஒரு வெள்ளிக்கிழமை உப்பு மிளகாய் எடுத்து அவரை உட்கார வைத்துத் திருஷ்டி சுற்றிப் போட்டேன். அடுப்பில் போட்டபோது மிளகாய் நெடியே வரவில்லை. எத்தனை கண் பட்டிருக்கிறது பார் என்று ஊரையெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

இனி அந்த ஊசி விஷயம். அந்த நாட்டுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, அதற்கான மஞ்சள் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்திலேயே தனியாக நிறுத்தி வைத்துவிடுவார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் அது கிடையாது. அதற்குத்தான் தூத்துக்குடி.

பஸ்ஸில் போகும்போது சாயல்குடி வரைக்கும் இவர் அந்த டிரைவர் கியர் மாற்றுவதில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். வழியில் இறங்கி ஒரு பொங்கல், ஒரு பூரி செட், ஒரு வடை. "ஊசி போடப் போறோமா, விருந்துக்குப் போறோமா?" என்று கேட்டேன். சிரித்தார்.

அந்தத் தடுப்பூசி மையத்தில் இருந்தது ஒரு பெண் டாக்டர். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். என்னிடம் சீக்கிரமாகக் கேட்டு முடித்துவிட்டார். அறுபது தாண்டியவர் என்பதால் இவரிடம் நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா ஐயா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"சுகர், பிரஷர்?"

"எதுவும் கிடையாது. கல்லு மாதிரி இருக்கேன்."

டாக்டர் எழுதிக்கொண்டே நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவங்க முகம் எப்பவுமே இப்படித்தானாம்மா?" என்று கேட்டார்.

கேட்டாரே ஒரு கேள்வி. அத்தனை நாள் கட்டிவைத்த வாய் அவிழ்ந்துகொண்டது.

"அய்யோ இல்ல மேடம். இப்ப மூணு மாசமாத்தான். ஒட்டிப்போன கன்னம் இவருக்கு. ஆப்பிரிக்கா போற சந்தோஷத்துல உப்பிருச்சு. ராத்திரி தூங்குறதே இல்ல. பசி பசின்னு என்னப் போட்டு அரிக்கிறாரு. தண்ணி குடம் குடமாக் குடிக்கிறாரு. ஆனா முட்டுவலி மட்டும் எங்க போச்சுன்னே தெரியல மேடம், முன்னாடி ஒரு படி ஏற மாட்டாரு, இப்ப வண்டியில தாவி ஏறுறாரு."

மேஜைக்கு அடியில் இவர் என் காலை மிதித்தார். நான் நிறுத்துகிற ஆளா? திருஷ்டி சுற்றியது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

டாக்டர் ஊசியை எடுக்கச் சொல்லவில்லை. நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ஐயா, முட்டுவலிக்கு என்ன சாப்பிடுறீங்க? திட்ட மாட்டேன், சொல்லுங்க" என்றார்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையில் கை விட்டு, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு மருந்துக் கடையில் முட்டுவலிக்கு என்று கேட்டு, உதிரியாக வாங்கிய மாத்திரைகள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வலி கூடினால் இன்னொன்று. நான் கொல்லைப்பக்கம் போகிற நேரம் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறார். முப்பத்தைந்து வருடம் கூடவே குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அதில் ஒரு சின்ன மாத்திரையைத் தனியாக நகர்த்தி வைத்தார். "இது ஸ்டீராய்டு மாதிரி இருக்கு. இதுதான் உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுத்து, பசியக் கிளப்பி, முகத்தை உப்ப வச்சிருக்கு. உடம்போட எதிர்ப்பு சக்திய அமுக்கியும் வச்சிருக்கும். இந்த ஊசியில இருக்கிறது உயிருள்ள கிருமி. பலவீனமாக்கித்தான் வச்சிருப்பாங்க. ஆனா எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்புல போட்டா, அந்த ஊசியே உயிருக்கு ஆபத்தாயிரலாம்" என்றார்.

நான் பூரிப்பு என்று நினைத்து ஊர்க் கண்ணெல்லாம் கழித்தது, நோயையா? ஊசி போட வேண்டிய இவர் கை, சட்டையைச் சுருட்டிவிட்டபடி அப்படியே இருந்தது. டாக்டர்தான் அதை மெதுவாக இறக்கிவிட்டார்.

"அந்த மாத்திரையை இப்பவே தூக்கிப் போட்டுர்றேன்" என்றார் இவர்.

"அதையும் செஞ்சிராதீங்க. சட்டுனு நிறுத்தினா அதுவும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, அங்கே போனிலும் பேசி, ஒரு ஆளைத் துணைக்கு அனுப்பி வைத்தார். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் வீட்டிலேயே மயங்கி விழுந்திருப்பார் என்றார்கள். அன்றைக்கே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்த டாக்டர் பொண்ணு தானாகவே வந்து எட்டிப் பார்த்தது. எங்களுக்கு அது சொந்தமா, பந்தமா? நான் அதன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

டாக்டர் போன பிறகு நான் இவரை விடவில்லை. "சிங்கத்தப் பார்க்கணும்னு உயிர விடப் பார்த்தீங்களே, அப்படி என்னங்க வந்துச்சு?" என்று கேட்டேன்.

போர்வை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "நானும் ஒரு டிரைவரு. அந்த ஊரு டிரைவர் இறங்கி வந்து, பின்னால கையக் குடுத்து என்னத் தள்ளி ஏத்தி விடணுமா? பாப்பா வேற பார்த்துக்கிட்டு நிக்கும்."

எத்தனை கிழவர்களை, எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளை, பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் போய்க் கைகொடுத்து ஏற்றியவர் இவர்! அவர்களில் யாரையாவது ஒரு நாள் இளக்காரமாக நினைத்திருப்பாரா?

ராத்திரி மகளிடம் நான்தான் சொன்னேன். இந்தத் தடவை அவர் தடுக்கவில்லை. அவள் போனிலேயே அழுதாள், அப்பாவைத் திட்டினாள், டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாள். மறுநாள் காலையில் ஒரு போட்டோ அனுப்பினாள். அந்த ஜீப் டிரைவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் சீட்டுக்கு அடியில் இருந்து ஒரு மர ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். வருகிறவர்களில் பாதிப் பேர் வயசாளிகள்தானாம். எல்லோரும் அதில் கால் வைத்துத்தான் ஏறுவார்களாம். அந்த ஸ்டூல் எப்போதும் வண்டியிலேயே கிடக்குமாம்.

என்னிடம் போனை வாங்கிப் பார்த்த இவர், பார்த்துக்கொண்டே இருந்தார். "சனியன், இம்புட்டுத்தானா?" என்றார். பிறகு சிரித்தார். அழுகையும் சேர்ந்துதான் வந்தது.

மாத்திரையை முழுவதும் விடுவதற்கு மாதக்கணக்கில் ஆனது. வலியோடுதான் விட்டார். சர்க்கரை இறங்கியது, முகம் வற்றிப் பழையபடி கன்னம் ஒட்டியது. தெருவில் இப்போது, "அண்ணன் என்னக்கா இளைச்சுப் போயிட்டாரு?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். என் கண்ணுக்கு அந்த ஒட்டிய கன்னம்தான் அழகு. முட்டிக்குப் பயிற்சி செய்கிறார். படி ஏறினால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு "வலிக்குதுடி" என்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, இந்த வருடம் பங்குனியில் மறுபடியும் தூத்துக்குடிக்குப் போனோம். அதே டாக்டர். சீட்டைப் படித்துவிட்டு இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா. தூங்குறாரா? அளவாச் சாப்பிடுறாரா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார். "சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

ஊசி போட்டாயிற்று. மஞ்சள் அட்டைகள் இரண்டும் கருநீலச் சேலைக்குப் பக்கத்தில் பீரோவில் இருக்கின்றன. வருகிற ஆடியில் கிளம்புகிறோம். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் ஒரு மர ஸ்டூலுக்காக என் மனுஷன் உயிரையே பணயம் வைத்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், வலியை வாய்விட்டுச் சொல்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் சொல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிற இந்த ஓட்டை வாயை இனி யாருக்காகவும் நான் மூடுவதாக இல்லை.