குடைக்காரர் சொன்ன மீன்

மே மாதம் முடியப் போகிறது என்று தெரிந்துகொள்ள எனக்குக் காலண்டர் வேண்டாம். எங்கள் திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கடற்கரை சுருங்கத் தொடங்கினால் போதும். மாசி, பங்குனியில் பெரிய மைதானமாக விரிந்து கிடக்கிற மணலை, மழை நெருங்க நெருங்கக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே ரோட்டுப் பக்கம் வந்துவிடும். நிற்க இடமில்லாமல் போனதும், கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்கள் நூலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுபடி ஓணம் கழிந்துதான் அந்தப் பக்கம் தலைகாட்டுவார்கள். வருஷா வருஷம் அந்தக் கடைசி நாட்களில் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. காரணம் வன்னியபெருமாள்.

வன்னியபெருமாள் குடை ரிப்பேர் செய்கிறவர். சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் என் பலசரக்குக் கடை வாசலில்தான் உட்காருவார். புளியங்குடிப் பக்கம் அவருக்கு. என் அப்பாவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர்தான் என்பதால், ஊர்ப்பக்கத்து ஆள் என்று இடம் கொடுத்தேன். மழைக்காலத்தில் அவர் ராஜா. செக்ரட்டேரியட் ஆபீசர்கூட அவர் முன்னால் குனிந்து நிற்பார். மழை விட்டுவிட்டால் பையில் அறுந்த ஜிப்பு, மாட்டிக்கொண்ட பூட்டு என்று ஏதாவது வரும், அவ்வளவுதான். ஆகவே மழையில்லாத மாதங்களில் சாயங்காலமானால் சங்குமுகம் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். பழைய குடைக் கைப்பிடி ஒன்றில் நைலான் நூலைச் சுற்றி, நுனியில் ஈயக் குண்டும் இரண்டு முள்ளும் கட்டியிருப்பார். தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி அலைக்கு அப்பால் எறிந்துவிட்டு, நூலை ஆள்காட்டி விரலில் தொட்டுக்கொண்டு நிற்பார். கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு நானும் போவேன். எனக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது. கிடைத்த மீனைச் சாப்பிடத் தெரியும்.

அவரிடம் இரண்டு குணங்கள். உடைந்த குடையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, முன்னால் நிற்பவருடைய குடையில் ஒரு கம்பி துணியை விட்டு வெளியே வந்திருந்தால், அவரைக் கேட்காமலே ஊசி நூலை எடுத்துவிடுவார். பஸ் போய்விடும். அடுத்தது, அவர் வாயிலிருந்து எதுவும் அதனதன் அளவில் வெளியே வராது. குடையில் மூன்று கம்பி வளைந்திருந்தால் ஊர்க்காரர்களிடம் முப்பது என்பார். சங்குமுகத்தில் அடித்த காற்று புயலாகும். என்னை 'சாலையிலேயே பெரிய முதலாளி' என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார். அதைக் கேட்டுப் புளியங்குடியிலிருந்து ஒருவர் என்னிடம் நன்கொடை வாங்க வந்துவிட்டார்.

ஆனால் மீன் விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதெல்லாம் உண்மை. அதற்கு என் வயிறே சாட்சி.

இந்த ஒரு உண்மையைத்தான் அவருடைய மனைவி முத்தாரம்மாள் நம்பவில்லை. அவள் ஊரில் பீடி சுற்றிக்கொண்டு, இரண்டு ஆடுகளை வளர்த்துக்கொண்டு, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருமுறை வன்னியபெருமாள் தான் பிடித்த மீனைக் கருவாடாக்கி அனுப்பினார். 'கடைக் கருவாடு நல்லா இருந்தது' என்று பதில் வந்தது. மறுமுறை முழங்கை நீளத்துக்கு ஒரு பாரை மீனோடு நேராக ஸ்டூடியோவுக்கே போய்விட்டார். ஸ்டூடியோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முத்தாரம்மாள் எழுதிய கார்டை எனக்கே படித்துக் காட்டினார்: 'நம்ம ஊர் ஸ்டூடியோவில் டெலிபோனும் ரோஜாப்பூவும் வைத்திருப்பது போல அங்கே மீன் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.'

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மே மாத லீவுக்கு அவள் மகளோடு வந்தபோது விஷயம் மீனோடு நிற்கவில்லை. மகள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். ஆறாம் வகுப்புக்கு எப்படியும் வேறு பள்ளிக்கூடம் மாற வேண்டும். சாலையிலேயே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆற்றுக்கால் பக்கம் ஒரு அறையும் அடுப்படியுமாக வீடும் பார்த்துவைத்திருந்தார் வன்னியபெருமாள். கல்யாணமான நாளிலிருந்து கடையில் வாங்கித் தின்கிற மனிதருக்குக் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை. அவருக்காக நானும் பேசிப் பார்த்தேன்.

"ஆட்ட ஆரு பாப்பா அண்ணாச்சி?" என்றாள் முத்தாரம்மாள்.

"ஆட்டுக்காகவா தங்கச்சி குடும்பத்த ரெண்டா வச்சிருக்கது?"

"இவுக சொல்லுததுல எது பாதி நெசம், எது கால் நெசம்னு எனக்கு இன்னிவரைக்கும் பிடிபடல. வீடு பாத்தாச்சுங்காக. பள்ளிக்கூடத்துல பேசியாச்சுங்காக. எத நம்பி நான் அங்க எல்லாத்தையும் காலி பண்ணிட்டு வர? ஒண்ணு செய்யச் சொல்லுங்க. எங்கண்ணு முன்னால ஒரே ஒரு மீனப் பிடிச்சுக் காட்டட்டும். மறுநாளே ஆட்ட வித்துட்டு வந்துருதேன்."

"இவ்வளவுதானா!" என்றார் வன்னியபெருமாள். அந்த வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு மே மாதம் முழுக்க ஒரு செதில்கூட அவர் தூண்டிலில் மாட்டவில்லை. சாயங்காலம் தவறாமல் மூன்று பேரும் வருவார்கள். மகள் சிப்பி பொறுக்குவாள். முத்தாரம்மாள் மணலில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, புருஷனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் தூண்டிலில் பாசி வந்தது. ஒற்றைச் செருப்பு வந்தது. ஒருநாள் ஒரு நண்டு வந்தது. அதுவும் கரையேறுவதற்குள் இரையைத் தின்றுவிட்டுத் திரும்பிவிட்டது. பக்கத்தில் நின்று தூண்டில் போடுகிற வெட்டுகாட்டுத் தாசையன் மட்டும் சட்டிக்கு வேண்டியதைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பெருமாளே, ஒம்ம பொஞ்சாதி வந்தா மீனுக்கு நாணம் வருது, கேட்டோ!" என்று அவன் வேறு எரிச்சலைக் கிளப்பினான்.

"தண்ணி இன்னும் தெளிஞ்சு கெடக்குல்லா," என்று மனைவியிடம் விளக்கம் சொல்வார் வன்னியபெருமாள். "மழைக்கு முன்னால தண்ணி கலங்கும் பாரு. அன்னிக்கி வெளிச்சம் மங்குத நேரத்துல, சின்ன மீனத் தொரத்திக்கிட்டு பாரை கரைக்கே வரும். அலை மடங்குத எடத்துக்குள்ளயே வந்துரும்."

"வரும், வரும்," என்பாள் அவள்.

மே மாதத்தின் கடைசி ஞாயிறு. மறுநாள் காலை அவர்களுக்குத் தென்காசி பஸ். பெட்டி கட்டியாகிவிட்டது. அன்று வன்னியபெருமாள் பஸ்ஸில் ஒரு பேச்சும் பேசவில்லை. ஓயாமல் வாயடிக்கிற மனிதர் பேசாமல் வந்தால் பக்கத்தில் இருக்கவே முடிவதில்லை. எனக்கு அவரைப் பார்க்க மிகவும் பாவமாக இருந்தது. கடற்கரைக்குப் போனால் மணல் பாதிதான் இருந்தது. தண்ணீர் நன்றாகக் கலங்கி டீ நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. மேற்கே கடலுக்கு மேல் மேகம் கறுத்து நின்றது.

அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. சாளை மீனைத் துண்டு போட்டு முள்ளில் கோத்து எறிந்தார். நூலை விரலில் தொட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். நானும் மனதுக்குள் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் காற்று அடித்தது. எங்களுக்குப் பின்னால் வேட்டியை இடுக்கிக்கொண்டு நடந்து வந்த ஒரு பெரியவரின் குடை படாரென்று மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. நாலு கம்பி ஒடிந்து தொங்கியது. "அடடா, போன வாரந்தானே வாங்கினேன்! கரமனை போய்ச் சேர்றதுக்குள்ள நனைஞ்சுடுவேனே!" என்று அவர் புலம்பினார்.

வன்னியபெருமாள் குடையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். மறுபடியும் குடையைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றேன் நான்.

"ரெண்டே நிமிசம் அண்ணாச்சி. பெரிய மனுசன் நனைவாருல்லா." நூலை மனைவி கையில் கொடுத்துவிட்டார். "ஏளா, இதப் பிடி. கையில சுத்திராத, அறுத்துரும். சும்மா விரல்ல தொட்டுக்கிட்டு நில்லு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குடையைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன். வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கிறது, இந்த மனிதர் உதட்டில் ஊசியைக் கவ்விக்கொண்டு கம்பிக்கு முடிச்சுப் போடுகிறார்! மூன்று கம்பியைச் சரிசெய்து நாலாவதுக்கு வந்திருப்பார். முத்தாரம்மாள் மெதுவாக, யாருக்கோ தொந்தரவு கொடுத்துவிடக் கூடாது என்பது போலச் சொன்னாள்:

"ஏங்க... ஆரோ இழுக்காக."

வன்னியபெருமாளின் வாயில் ஊசி. "ம்ம்! ம்ம்ம்!" என்று கண்ணை உருட்டினார். நூல் விர்ரென்று கடலுக்குள் ஓடியது. தாசையன் மலையாளத்தில் என்னவோ கத்தினான். முத்தாரம்மாளுக்கு அதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் முந்தானையைச் சுருட்டித் தோளில் வைத்து, நூலை அதன்மேல் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். முரண்டு பிடிக்கிற ஆட்டைச் சந்தையிலிருந்து இழுத்துக்கொண்டு போவது மாதிரியேதான். "வா... வா மூதி... வராம எங்க போவ?" என்று பேசிக்கொண்டே இழுத்தாள். அது எதிர்த்தால் நிற்பாள். அலை வந்து தள்ளும்போது நாலு எட்டு நடப்பாள்.

அலை மடங்குகிற இடத்தில் வெள்ளியாக ஒன்று புரண்டது. பாரை! வன்னியபெருமாள் கையில் இருந்த குடையோடேயே ஓடினார். மீன் மணலில் விழுந்து துள்ளி மறுபடி தண்ணீருக்குள் வழுக்கப் போன சமயத்தில், குடையின் வளைந்த கைப்பிடியை அதன் செவுளுக்குள் மாட்டி ஒரே இழுப்பாக மேலே போட்டார். சிப்பியையெல்லாம் கொட்டிவிட்டு மகள் ஓடிவந்தாள். மீன் அவள் இடுப்பு உயரம் இருந்தது. நான் வன்னியபெருமாள் இல்லை. ஆகவே நம்பலாம்.

கரமனைப் பெரியவர் குடைக் கைப்பிடியையும் மீனின் செவுளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்தக் குடை இனிமே எங்காத்துக்குள்ள வராது. நீரே வச்சுக்கும், ஓய்," என்றார். இரண்டு எட்டு நடந்தவர் திரும்பி வந்து, "இருந்தாலும் பார்க்க நன்னாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவில் ஏறிப் போனார்.

இப்போது எனக்கு ஒரு வேலை இருந்தது. "பாத்தியா தங்கச்சி?" என்றேன் சத்தமாக. "குடைய மாட்டி இழுக்கலன்னா மீன் போயிருக்கும். பிடிச்சது ஒம் மாப்பிள்ளதான். பேச்சு மாறக் கூடாது."

"சேச்சி பிடிச்ச மீனாக்கும் அது!" என்றான் தாசையன். அவன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

எல்லாரும் வன்னியபெருமாளைப் பார்த்தோம். ஒரு வார்த்தை போதும். வாழ்நாள் முழுக்க ஒன்றைப் பத்தாகச் சொன்ன மனிதர், இந்த ஒரு தடவை ஒன்றை ஒன்றரையாகச் சொன்னால் போதும். வீடு, பள்ளிக்கூடம், எல்லாம் கைக்கு வந்துவிடும். அவர் மூச்சு வாங்க மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் பிடிக்கலளா," என்றார் மனைவியிடம். "நீதான் பிடிச்ச. நான் சும்மா தூக்கிப் போட்டேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. முத்தாரம்மாள் அவரையே பார்த்தாள். அவர் சொன்னபடியே கலங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்தாள், மங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து எஸ்.டி.டி. பூத்துக்குள் போனாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வன்னியபெருமாள் ஒரு கையில் மீனும் ஒரு கையில் அந்தக் குடையுமாக வெளியே நின்றார். நானும் குடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். ஊரில் அவள் தம்பி வேலை பார்க்கிற ரைஸ்மில்லுக்குத்தான் போன். மழைச் சத்தத்தில் அவள் கத்திக் கத்திப் பேசியது எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

"ரெண்டு ஆட்டையும் வித்துரு... ஆமாலே, ரெண்டையும்... பாப்பாவுக்கு டி.சி. வாங்கணும்... இல்ல, அத்தான் பிடிக்கல. நான் பிடிச்சேன்!"

வன்னியபெருமாள் அழுதார். மழைத் தண்ணி என்று பிறகு சொன்னார். முகம் நனையாமல் அதே குடைக்குள் அவரோடு நின்றவன் நான், எனக்குத் தெரியாதா!

மறுநாள் தென்காசி பஸ்ஸுக்குப் பதிலாக மூன்று பேரும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். ஐஸில் வைத்திருந்த மீனை முத்தாரம்மாள் பிடித்துக்கொள்ள, வன்னியபெருமாள் பக்கத்தில் குடையோடு நின்றார். படம் புளியங்குடிக்குப் போனது. தம்பியிடமிருந்து கார்டு வந்தது: 'அத்தான் சொன்னால் சிரித்துவிட்டுப் போவோம். நீயுமா அக்கா? ஸ்டூடியோவில் இப்போது குடையும் வைத்துவிட்டார்களா?'

முத்தாரம்மாளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "அடுத்த மே மாசம் அவன் வரட்டும். அவங்கண்ணு முன்னால பிடிச்சுக் காட்டுதேன்," என்று என் கடை வாசலில் நின்று சபதம் போட்டாள்.

தம்பி வந்தான். மணலில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அக்காவையே பார்த்தான். தினமும் சாயங்காலம் அவள் தலைக்கு மேல் நூலைச் சுற்றி எறிந்தாள். பாசி வந்தது. இன்னொரு செருப்பு வந்தது. கடைசி நாள் கடல் மணலையெல்லாம் தின்றுவிட்டு ரோட்டோரத்துக் கல்லில் வந்து அடித்தது. நூலைச் சுற்றிக்கொண்டு அவள் திரும்பியபோது தம்பி வாய்விட்டுச் சிரித்தான்.

வன்னியபெருமாள் சிரிக்கவில்லை. கரமனைக் குடையை மனைவியின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்:

"சத்தியமா மாப்ள. இவதான் பிடிச்சா. நான் பாத்தேன்."