காப்புக் கட்டிய கையில் வந்த பதில்

என் மகள் ரூத்துக்கு ஜன்னி கண்டது ஒரு பங்குனி மாதத்தில். உலகச் சண்டை உச்சத்தில் இருந்த வருஷம் அது. மலைக் காய்ச்சல்தான் என்று முதலில் நினைத்தோம். வீட்டில் இருந்த கொயினா மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தோம். தணியவில்லை. மறுநாள் விடிந்ததும் பிள்ளையின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கண் மேலே செருகியது. பல் கிட்டிவிட்டது. வாயில் விட்ட தண்ணீர் அப்படியே வழிந்து என் மடியை நனைத்தது. அவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை.

அவளுடைய அப்பா பட்டாளத்தில் இருந்தார். எந்தத் தேசத்தில் என்றுகூடத் தெரியாது. வீட்டில் நானும் என் மாமியாரும்தான். நீங்கள் எல்லாரும் இப்போது நினைத்து நினைத்து உருகுகிறீர்களே, ஞானம்மாள் டீச்சர், அவர்தான் என் மாமியார். எனக்கு அத்தை. ரூத்துக்கு அப்பத்தா.

மேலே போவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தைக்காக நடக்கும் ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு இந்தச் சாட்சியை எழுதித் தரும்படி சபை மூப்பர் கேட்டார். கேட்டுவிட்டு, “அந்தக் காப்பு சமாச்சாரத்தை விட்டுட்டு எழுதும்மா, கேக்கறவங்களுக்கு இடறலா இருக்கும்” என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. போன மாதம் அத்தையின் அடக்கத்தில் பேசியவரோ ஒரு படி மேலே போய், தேவதூதர்கள் என் மகளை மலையிலிருந்து சுமந்து இறக்கினார்கள் என்றே சொல்லிவிட்டார். தூதர்களாம்! அவர்களுடைய வியர்வை என் மகளின் மேல் சொட்டியதை நான் பார்த்தேன். அவர்கள் பெயரும் எனக்குத் தெரியும். ஆகையால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அத்தை அடிவாரத்துக்காரர். சின்ன வயதிலேயே தாலியறுத்து, இடுப்பில் ஒரு பிள்ளையோடு மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எங்கள் ஊருக்கு ஏறி வந்து, புல் வேய்ந்த கொட்டகையில் பள்ளிக்கூடம் நடத்தினார். ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் சாமை வயலில் குருவி விரட்டப் போய்விடுவார்கள். அத்தை வயலுக்கே போய்ப் பிடித்துக்கொண்டு வருவார். ஜெபத்தில் அவரைப்போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை. முழங்கால் இரண்டும் ஏர் மாட்டின் கழுத்துபோலக் காய்த்திருக்கும். பிடிவாதமும் அதே அளவு. ஆண்டவரிடம் கேட்பேனே தவிர மனுஷரிடம் கேட்கமாட்டேன் என்று ஒரு வைராக்கியம். ஒரு கைப்பிடி உப்புக்குக்கூடப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றதில்லை.

அந்தப் பிடிவாதத்தில் ஒரு காரியம் செய்துவைத்திருந்தார். எங்கள் நாட்டில் பங்குனியில் மாரியம்மனுக்கு நோன்பு சாட்டினால், எல்லா ஊரிலும் ஒரே நாளில் மஞ்சள் நூலில் காப்புக் கட்டுவார்கள். கட்டிய பிறகு நோன்பு முடியும்வரைக்கும் ஊர் எல்லைக் கல்லை யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊருக்கே கேடு என்று பயம். சில வருஷங்களுக்கு முன் ஊர்க்கவுண்டரின் மகன் பெரியண்ணன் காப்போடு பள்ளிக்கூடத்துக்கு வந்தான். அத்தை கத்தரிக்கோலை எடுத்து அதை வெட்டி எறிந்துவிட்டார். ஊரே கொதித்தது. அதிலிருந்து கவுண்டர் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் வரவில்லை. அத்தையும் அந்த வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரூத்துக்கு இழுப்பு வந்ததும் நோன்பு நாளில்தான். காப்புக் கட்டியாகிவிட்டது. ஆஸ்பத்திரியோ அடிவாரத்தில். டோலி கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்கவேண்டும். ஒரு பகல் முழுக்க நடை. தோள் மாற்ற ஆள் வேண்டும். ஊரில் எங்கள் சபை ஆண்கள் என்றால் உபதேசியாரும் கால் விளங்காத ஒரு பெரியவரும்தான். உபதேசியாரிடம் ஓடினேன். “எனக்கு மூச்சு வாங்கும்மா, பிள்ளைக்காக ஜெபிக்கிறேன்” என்றார். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு.

திரும்பி வந்தால் அத்தை முழங்காலில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“ஏனுங்க அத்தை, உங்க ஆண்டவருக்குக் காது செவிடுங்களா? எம் புள்ள சாவறாளுங்க! எந்திரிச்சு ஆளைக் கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி நான் இந்தச் செபத்தையும் வேண்டாம், உங்களையும் வேண்டாம்னு போயிருவேனுங்க!”

இப்படிச் சொன்னதற்காக நான் வெட்கப்படவில்லை. அதுவும் ஜெபம்தான். என்னால் முடிந்த ஜெபம் அதுதான். அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை. “நானும் அதைத்தான் கண்ணு கேட்டுக்கிட்டிருந்தேன். ஆளைக் குடுங்கன்னு. போய்க் கேளுங்கறாரு” என்றார். எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராகக் கவுண்டர் வீட்டைப் பார்த்து நடந்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன்.

கவுண்டர் வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

“கவுண்டரே, எம் பேத்தியை மலையெறக்கோணும். ஆளு குடுங்க” என்றார் அத்தை.

“காப்புக் கட்டியாச்சுங்க வாத்தியாரம்மா. எல்லை தாண்டக் கூடாதுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?” என்றார் கவுண்டர். தெரியாததுங்களா என்று அவர் கேட்ட விதத்தில் அந்தக் கத்தரிக்கோல் இருந்தது. ஒரு நூலுக்காக என் பிள்ளை சாகவேண்டுமா என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

“உங்க பையன் காப்பை நான் வெட்டுனது தப்புங்க. உங்க ஊட்டு வாசல்ல நின்னு சொல்றேன். அதுக்கு என்னைய என்ன வேணா பேசுங்க. புள்ளையை விட்டுறாதீங்க.”

கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். மனுஷர் யார் முன்னாலும் அத்தை கை கூப்பி நான் பார்த்ததில்லை. கவுண்டருடைய சம்சாரம் உள்ளேயிருந்து வந்து ரூத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்னங்க, அனலாக் கொதிக்குதுங்க” என்றார்.

கவுண்டர் தோரணத்தைக் கீழே போட்டார். “எல்லையைத் தாண்டக் கூடாதுன்னுதானுங்க கட்டு. எல்லை வரைக்கும் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு யாரும் சொல்லலீங்களே” என்றார். “டேய் பெரியண்ணா, மேட்டு மேல ஏறிக் கூவல் குடுடா. கீழூர்க்காரனை அவன் எல்லைக் கல்லுல வந்து நிக்கச் சொல்லு. அவன் அடுத்தவனுக்குக் கூவட்டும்.”

அத்தை காப்பை வெட்டிய அதே பெரியண்ணன்தான் மேட்டில் ஏறிக் கூவினான். அதற்குள் அவன் தோள் அகன்ற இளவட்டமாகியிருந்தான். மறுகூவல் வருவதற்குள் இங்கே மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலி தயார். அப்போதுதான் உபதேசியார் வந்து சேர்ந்தார். மூச்செல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“அம்மா, அந்நிய தெய்வத்துக்குக் காப்புக் கட்டின கையில பிள்ளையைக் கொடுக்கிறதா? விசுவாசத்தோடு காத்திருப்போம்” என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அத்தை சொன்னதை எழுதுகிறேன். “நான் கேட்டேன், அவர் குடுத்தாரு. யார் கையில குடுத்தனுப்பறதுன்னு நீங்க அவருக்குச் சொல்லிக் குடுக்கவேண்டாமுங்க. வழி விடுங்க.”

எங்கள் ஊர் ஆட்கள் ஓட்டமும் நடையுமாக எல்லைக் கல்வரை கொண்டுபோனார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே மூங்கில் முனையை அந்தப் பக்கம் நீட்டினார்கள். கீழூர்க்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் காலும் கல்லைத் தாண்டவில்லை. டோலி தரையையும் தொடவில்லை. கீழூரிலிருந்து அடுத்த ஊர், அங்கிருந்து அடுத்த ஊர். ஒவ்வொரு கல்லிலும் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். தோளைப் பிடித்த கையில் எல்லாம் மஞ்சள் நூல். நோன்புக்கு ஒருவேளைச் சாப்பாடுதான் அவர்களுக்கு. பசித்த வயிற்றோடு செங்குத்துப் பாறையில் என் பிள்ளையை இறக்கினார்கள். ஓர் ஊரில் ஒரு பெண் ராகிக் கூழைக் கொண்டுவந்து, “நீ குடி சாமி, நீ உளுந்துட்டா புள்ளைக்கு யாரு?” என்று என் வாயில் வைத்தாள். அத்தை டோலிக்குப் பின்னாலேயே வெறுங்காலோடு நடந்தார். கல்லுக்குக் கல் நின்று, தூக்கிவந்தவர்களைக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

பொழுது இறங்குவதற்குள் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். ஊசி போட்டார்கள். இழுப்பு நின்றது. இரண்டொரு நாளில் பிள்ளை கண்ணைத் திறந்து, “அப்பத்தா, பசிக்குது” என்றாள். நான் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். ஆண்டவரே, திட்டினவளுக்கும் பதில் கொடுத்தீரே! உமக்குக் கோடி ஸ்தோத்திரம்.

அதற்குப் பிறகு நான் ஜெபிக்கிற பெண்ணானேன். சண்டை போட்டுக்கொண்டே ஜெபிக்கிறேன், இன்றைக்கும். அத்தையும் மாறினார். நோன்பு நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார். மிஷன் மேலிடத்திலிருந்து வந்தவர்கள் கண்டித்தபோது, “ஆமாங்க, நான்தான் விட்டேன்” என்றார். கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கடைசிவரைக்கும் அத்தையின் ஜெபத்தில் அந்த ஊர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். ஆமென் சொன்ன உங்களுக்கு அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அத்தையின் அடக்கத்தன்று கவுண்டரும் பெரியண்ணனும் அவர்களோடு மலையிலிருந்து இறங்கி வந்தவர்களும் இந்த அடிவாரத்துச் சபைக் கோவில் வேலிக்கு வெளியே நின்றார்கள். நின்றார்கள் என்றா சொன்னேன்? நிறுத்தினீர்கள். உள்ளே இடமில்லையாம். பாதிக் கோவில் காலியாகக் கிடந்தது. வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவர்கள் அழுததை நான் பார்த்தேன். உள்ளே தூதர்களைப் பற்றிப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது.

அருமையானவர்களே, உங்களுக்கும் ஒரு நாள் கதவெல்லாம் அடைபடும். அப்போது கூப்பிடுங்கள், கோபமாகக் கூப்பிட்டாலும் அவர் கேட்கிறார். எனக்குக் கேட்டவர் உங்களுக்கும் கேட்பார், நம்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் எல்லாரையும் நானே நடந்துபோய் அழைத்துவிட்டேன். மூப்பரைக் கேட்கவில்லை. பிரசங்க பீடத்துக்கு முன்னால் இருக்கிற பாய்கள் அவர்களுக்கு. ரூத்துதான் விரிப்பாள். அவர்களோடு ஒரே பாயில் உட்காருகிறவர்கள் வாருங்கள், சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லுவோம். முடியாதவர்கள் வேலிக்கு வெளியே நில்லுங்கள். அங்கே நிறைய இடம் இருக்கிறது.