இருமினால் சாக வேண்டுமா?

மலையூரான பிரிஞ்சாங்கில், கிளினிக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா. பச்சை ஸ்வெட்டர், கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். இருமல் வரும்போதெல்லாம் கைக்குட்டையால் வாயைப் பொத்துவார். பிறகு அதை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பார்.

சுவர் டிவியில் ஓடிய நாடகத்திலும் ஒருத்தி இருமினாள்.

“போச்சு, இவள சாகடிச்சிருவாங்க,” என்றார் எரிச்சலாக. “நாடகத்துல யாருக்கும் சும்மா இருமலே வராதா? இந்தக் குளிருல எங்க லயத்து வீடுங்கள்ல எல்லாரும்தான் இருமுறோம் லா.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“பாருங்க தம்பி, இப்ப டாக்டர் வெளிய வந்து, ‘கூட யாரு வந்திருக்கீங்க’ன்னு கேப்பாரு. அவகிட்ட மட்டும் சொல்லாம நூறு எபிசோடு மறைப்பாங்க. நோவு அவளுக்குத்தானே? அவகிட்டயே சொன்னா என்னவாம்?”

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். கைக்குட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார். நாடகம் முடிந்து விளம்பரம் ஓடும்போது கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

“அந்த அம்மாகூட யாராச்சும் வந்திருக்கீங்களா?”

யாரும் வந்திருக்கவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இருந்தும் எழுந்துவிட்டேன்.

“எதுவானாலும் அவங்ககிட்டயே சொல்லிருங்க மிஸ்ஸி,” என்றேன்.