மதர்போர்டுக்குப் பொட்டு வெச்ச வெள்ளிக்கிழமை

புது மதர்போர்டு டப்பாவைப் பிரிச்சதும் ஒரு வாசம் அடிக்கும் பாருங்க... புது மழைக்கோட்டைப் பிரிச்ச மாதிரி. எனக்கு மட்டும் அதுகூடவே சந்தன வாசமும் சேர்ந்து வரும்.

ஏன்னு சொல்றேன். சொன்னாலாவது மனசு ஒரு எடத்துல நிக்குதான்னு பாக்கலாம்.

கடைக் கம்ப்யூட்டருக்குப் புது போர்டு வாங்கணும். ஒரு வாரமா மலை மேல செம்மேட்டுல என் கடையில ரெண்டு போர்டுப் படத்தைப் பக்கத்துல பக்கத்துல தெறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன். ஒண்ணு இப்பத்தான் வந்த தலைமுறை. புது ரேம்தான் ஏறும், வைஃபை உள்ளயே இருக்கு, இனிமே வரப்போற ப்ராசஸரும் போட்டுக்கலாமாம். இன்னொண்ணு போன தலைமுறை. கையில இருக்கற ரேமே போதும், ஆனா அதோட வழி அங்கியே முடிஞ்சுது, இனி வர்ற ப்ராசஸர் எதுவும் அதுல ஏறாது. இன்னிக்குத் தம்பி சேலத்துல கடைவாசல்ல நின்னுட்டு எதை வாங்கறதுன்னு போன் மேல போன் போடறான். எந்திரிக்கறேன், உக்கார்றேன்... டீ ஆறி ஏடு கட்டிருச்சு.

இதே மாதிரிதாங்க அன்னிக்கும்.

டிப்ளமோ முடிச்ச கையோட இந்தக் கடையைப் போட்ட புதுசு. ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். ஒரு சாயங்காலம் மழையோட மழையா இடி விழுந்துச்சு... கறுகுன நாத்தம். மதர்போர்டு காலி.

அப்பா இதுக்குத்தான் காத்துட்டு இருந்தாரு. எங்க மலையில நாலஞ்சு ஊரைச் சேத்து நாடுன்னு சொல்லுவோம். குண்டனி நாட்டுல ஒரு மாப்பிள்ளை ஊட்டுல என்னையப் பொண்ணு கேட்டுட்டே இருந்தாங்க. நல்ல குடும்பம், மிளகுத் தோட்டம், ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா அங்க வாக்கப்பட்டுப் போனா கடை அவ்வளவுதான். அப்பா ஒரே பேச்சா சொல்லிட்டாரு. வர்ற வெள்ளிக்கிழமை கடை ஓடுச்சுன்னா அவங்களை வேண்டாம்னு சொல்லிருவாராம். இல்லேன்னா அன்னிக்கே பொண்ணு பாக்க வரச் சொல்லிருவாராம்.

அம்மாவும் அவரு பக்கந்தான். பொட்டப்புள்ளைக்குக் கடை எதுக்குன்னு அடுப்படியில இருந்தே ஒத்து ஊதுவாங்க.

ஓடுனேன் சேலத்துக்கு. கடைக்காரர் ரெண்டு போர்டை எடுத்து வெச்சாரு. பழைய மாதிரியில ஊசியெல்லாம் ப்ராசஸர்ல இருக்கும். அப்போ வந்த புது மாதிரியில ஊசியெல்லாம் போர்டுலயே, பூனை மீசை கணக்கா. அதுக்கு மேல கறுப்பா ஒரு பிளாஸ்டிக் மூடி. ஒரு ஊசி வளைஞ்சாலும் போர்டு போச்சு, திருப்பி எடுக்க மாட்டோம்னு சொல்லித்தான் குடுத்தாரு. ஆசை யாரை விட்டுது? அதுக்கேத்த ப்ராசஸரோட புதுசையே வாங்கினேன்.

கொண்டை ஊசி வளைவு பூராவும் அதை மடியில வெச்சுக் கட்டிப் புடிச்சுட்டு வந்தேன். பக்கத்து சீட்டு அக்கா ஜன்னல்ல தலைய விட்டு வாந்தி எடுத்துட்டே வந்தாங்க. எனக்கு அவங்க மேல கூட கண்ணு போவல. நேரமாயிருச்சுன்னு கடைக்குப் போகாம பெரக்கரை நாட்டுல எங்க ஊட்டுக்கே கொண்டு போயிட்டேன்.

விடிஞ்சா வெள்ளிக்கிழமை. தலைக்கு ஊத்திட்டு வந்து பாக்கறேன்...

போர்டு டப்பாவுல இல்லை. சாமி படத்துக்கு முன்னாடி வாழையிலை மேல கெடக்குது.

எங்க பக்கம் ஊட்டுக்குப் புதுசா எது வந்தாலும் பொட்டு வெக்காம பொழங்க மாட்டாங்க. கொடுவாளு, மிக்ஸி, தம்பி சைக்கிள், எதுவா இருந்தாலும் சரி. போர்டுல நடுவால சதுரமா இருந்ததை அம்மா நெத்தின்னு நெனச்சுட்டாங்க போல. சந்தனத்தைக் கொழைச்சு அப்பி, நடுவுல குங்குமம். சந்தனத் தண்ணி வழிஞ்சு ஒரு மூலை வரைக்கும் ஓடியிருக்கு.

எனக்கு வந்துச்சே கோவம்... பொழப்பையே கெடுத்துட்டியேன்னு ஊடே அதிரக் கத்திட்டேன். அம்மா சந்தனக் கையோட அப்படியே நின்னாங்க.

"அது ஓடணும்னுதான் பொட்டு வெச்சேன், சாமி."

அத்தனை நாளா அப்பாவுக்கு ஆமாம் போட்ட அம்மா!

மூடியத் தூக்கிப் பாத்தேன். பொட்டு மூடி மேலதான். உள்ள ஊசியெல்லாம் ஈரம் படாம அப்படியே இருந்துச்சு. வழிஞ்சதை மட்டும் துணியில ஒத்தி எடுத்து, காய வெச்சு, கடைக்கு ஓடுனேன்.

அப்பா பின்னாலயே வந்து வாசல்ல ரோட்டைப் பாத்துட்டு நின்னாரு. சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுத்துது, திரை இருட்டாவே கெடக்குது. மறுபடியும் போட்டேன்... அதே இருட்டு. ரேமைக் கழட்டித் தொடைச்சு, அழுத்தி மாட்டினேன். ஒரு 'பீப்'. படம் வந்துருச்சு.

அப்பா நேரா டீக்கடைக்குப் போயி அந்த ஊட்டுக்குப் போன் போட்டு, வர வேண்டாம்னு சொல்லிட்டாரு. எனக்குக் கல்யாணம் ஆனதெல்லாம் ரொம்பப் பின்னாடி, இதே செம்மேட்டுல.

அந்த போர்டு எத்தனையோ வருஷம் ஒழைச்சுது. ஸ்குரு ஓட்டை பக்கத்துல மஞ்சக் கறை மட்டும் கடைசி வரைக்கும் போவல.

இப்ப வர்ற போர்டையெல்லாம் பாருங்க... உடம்பு பூரா இரும்புக் கவசம் போட்டு மூடியிருக்கு. பொட்டு வெக்க ஒரு எடம் காலியா இல்லை. அம்மா இப்போ தெனமும் பஸ் ஏறி வந்து ஜெராக்ஸ் மிஷின் பக்கத்துல உக்காந்துக்கறாங்க. படத்தைக் காட்டி, இதுல எங்கம்மா வெப்பேன்னு கேட்டேன்.

கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தாங்க. "அன்னிக்கு ஓடாதோன்னு பயம், வெச்சேன். இப்பத்தான் கடை ஓடுதே கண்ணு, இன்னும் என்ன பயம்?"

எப்படிச் சொல்றது? பில்லு, டிக்கெட்டு, சர்டிபிகேட்டு, எல்லாம் அவங்கவங்க போன்லயே முடிஞ்சு போவுது. கடைப்படி ஏறி வர்றவங்க கொறைஞ்சுட்டே வர்றாங்க. இனிமே வரப்போற ப்ராசஸரைப் போட்டுக்கலாமாம்... அது வரைக்கும் கடை இருக்குமான்னு யாரு சொல்வா? இந்தப் பயத்துலதான் ஒரு வாரமா ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு இருந்திருக்கேன்.

தம்பிக்குப் போன் போட்டேன். புதுசையே வாங்கிட்டு வா, அந்தக் கறுப்பு மூடிய மட்டும் கழட்டாம கொண்டு வான்னேன்.

அப்புறம் அம்மாகிட்டத் திரும்பினேன்.

"இப்பவும் பயம்தாம்மா. நீ சந்தனம் கொழைச்சு வை."