கண்டக்டர் இஸ்ரவேலின் ரூட்

கீழஈரால் என்று சொல்ல வேண்டுமானால் இஸ்ரவேல் கோவில்பட்டியிலிருந்து புறப்பட்டாக வேண்டும். இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே "கோவில்பட்டி, எட்டயபுரம், கீழஈரால்" என்று வந்து சேர்ந்து, அங்கே டக்கென்று நிறுத்தி, கேட்டவரைப் பார்த்துச் சிரிப்பார். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும்தான் ஏறும்.

பதினாலு வருஷம் தூத்துக்குடி ரூட்டில் கண்டக்டராக இருந்தவர். போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு சித்திரையில், எட்டயபுரம் தாண்டி விசிலை வாயில் வைத்தார். ஊதல் வரவில்லை, காற்றுதான் வந்தது. அப்படியே பின்சீட்டில் சரிந்துவிட்டார். டிரைவர் சங்கிலிப்பாண்டி அத்தனை பயணிகளோடும் வண்டியைத் திருப்பிக் கோவில்பட்டி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது, பக்கவாதம் என்றார் டாக்டர்.

இரண்டு மாதத்தில் கால் நடந்தது. வலது கை வேட்டியை இடுக்கிக்கொள்ளும் அளவுக்கு வந்தது. பேச்சு மட்டும் 'ரைட்' என்ற ஒரே சொல்லோடு நின்றுபோயிற்று. தண்ணீருக்கும் ரைட், கோபத்துக்கும் ரைட். போதகர் வந்து முழங்காலிட்டு உருகி ஜெபித்து முடிக்க, எல்லாரும் ஆமென் சொன்னார்கள். இவர் "ரைட்" என்றார். போதகரே சிரித்துவிட்டார். இஸ்ரவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. வார்த்தைகள் உள்ளே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிகிறது. இறங்கத்தான் மாட்டேன் என்கின்றன. அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

வழி கண்டவர் சங்கிலிப்பாண்டி. பார்க்க வந்த இடத்தில் விளையாட்டாக, "அண்ணாச்சி, வண்டி கெளம்பப் போவுது, ஊரச் சொல்லுங்க. கோவில்பட்டி..." என்று எடுத்துக் கொடுத்தார்.

"எட்டயபுரம், கீழஈரால், எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை, தூத்துக்குடி!" ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தார் இஸ்ரவேல். சேர்ந்ததும் அழுதார்.

மனைவி கிருபா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். "வரிசையா வந்தா வருதுல்லா? அப்ப எல்லாத்தையும் வரிசையில நிறுத்திருவோம்" என்றாள்.

மறுநாளே தொடங்கிவிட்டாள். சோறு, குழம்பு, ரசம், மோர். வேட்டி, சட்டை, துண்டு. பசை தடவிக்கொண்டே அவள் சொல்ல, அவர் பின்னாலேயே வருவார். மூன்றாவது மாதம் ரசம் வழியாகப் போய் மோர் கேட்டு வாங்கினார். பிள்ளைகள் பேரும் அப்படித்தான். கடைக்குட்டி தேவதாசை அதட்ட வேண்டுமென்றால் எபநேசர், நேசம்மாள், ஜெபமணி என்று மூன்று பேரையும் கூப்பிட்டாக வேண்டும். அதற்குள் அவன் தெருமுனை தாண்டியிருப்பான்.

எந்த வரிசையிலும் கிருபா தன் பேரைச் சேர்க்கவில்லை. "எம்பேர இவிய என்னைக்குச் சொன்னாவ, இப்பச் சொல்ல? ஏட்டின்னா திரும்பிப் பாத்துட்டுப் போறேன்" என்பாள் பக்கத்து வீட்டு வள்ளித்தாயிடம். அந்த 'ஏட்டி'யும் அவர் வாய்க்கு வந்தபாடில்லை. அதை நினைத்துக்கொண்டால் இஸ்ரவேலுக்குச் சோறு இறங்காது.

இந்த ஆனியில் பஸ் முதலாளி கூப்பிட்டுவிட்டார். ஸ்டாண்டில் நின்று ஊர் சொல்லி ஆள் ஏற்றுகிற வேலை. இஸ்ரவேலுக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் கிருபா தூக்குவாளியில் சோறு கொண்டுபோனாள். வண்டி புழுதி கிளப்பி உறுமிக்கொண்டிருந்தது. இஸ்ரவேல் கழுத்து நரம்பு புடைக்கக் கூவிக்கொண்டிருந்தார்: "கோவில்பட்டி, கிருபா, எட்டயபுரம், கீழஈரால்..."

மிளகாய் மூட்டையோடு ஏறப்போன சம்சாரி ஒருவர் படியிலேயே நின்றுவிட்டார். "கிருபாவா? அது எந்த ஊரு அண்ணாச்சி? புதுசா நிக்குதோ?"

சங்கிலிப்பாண்டி ஸ்டீரிங்கில் கவிழ்ந்து சிரித்தார். "நாலு நாளா இப்படித்தான் கூவுதாவ, மதினி. நானுஞ் சொல்லிப் பாத்துட்டேன். அந்த ஸ்டாப்ப மட்டும் எடுக்க மாட்டேங்காவ."

கிருபா தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். கூவிய கூவலில் அவர் வாயோரம் வழிந்திருந்த எச்சிலை, அத்தனை பேரும் பார்க்க, முந்தானையால் துடைத்துவிட்டாள்.